இரும்பு வாசித்த நாட்கள்

கழுத்து வலிக்காகப் போன மாதம் திருநெல்வேலியில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போயிருந்தேன். கம்மல், மூக்குத்தி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொண்டு, மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை ஒரு கூண்டுக்குள் பூட்டி, அப்படியே ஒரு குழாய்க்குள் தள்ளிவிட்டார்கள். தள்ளுவதற்கு முன்னால் அங்கிருந்த பெண்பிள்ளை என் காதில் பஞ்சை அடைத்துவிட்டு, "உள்ள சத்தம் ரொம்ப இருக்கும்மா, பயப்படாதீங்க. தாங்க முடியலன்னா இத அமுக்குங்க" என்று ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்தாள்.

இந்த வயதில் சத்தத்துக்கா பயப்படப் போகிறோம் என்று படுத்திருந்தேன். முதலில் டொக் டொக் என்று ஆணி அடிப்பதுபோல ஒரு சத்தம். அப்புறம் தகரத்தை வைத்து அறுப்பதுபோல ஒன்று. பிறகு இரண்டும் சேர்ந்துகொள்ள, அடியில் ஒரு ரீங்காரம் ஏறிக்கொண்டே போனது. உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும், நான் விரலால் தாளம் போட ஆரம்பித்திருந்தேன். இந்த இடத்தில் ஒரு சங்கிலி விழ வேண்டுமே என்றுகூட நினைத்தேன். சங்கிலி ஞாபகம் வந்த பிறகுதான் விரல் நின்றது. பந்தை அமுக்கிவிட்டேன்.

வெளியே இழுத்து, "மூச்சு முட்டுதாம்மா?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள். இல்லை தாயி, பழைய ஞாபகம் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பின்னால் இன்னும் நாலைந்து பேர் காத்திருக்கும்போது அவளிடம் எதைச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் பாதியில் எழுந்து போகமாட்டீர்கள்.

தொண்ணூறுகளில் நான் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்தேன். கோயில் கொடை நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடவும் போவேன். பெரிய பாடகி என்று நினைத்துவிட வேண்டாம். ரேடியோவில் யார் பாடினாலும் அவரைப் போலவே பாடிவிடுவேன், அவ்வளவுதான். உன் சொந்தக் குரல் எது என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு மடக்கு நாற்காலியில் என் அம்மா உட்கார்ந்திருப்பாள். கல்யாணமாகாத பெண்ணைக் கச்சேரிக்கு அனுப்பவேண்டுமானால் நானும் வருவேன் என்பது குழு நடத்திய அண்ணாச்சியிடம் அவள் போட்ட நிபந்தனை. அம்மாவுக்குப் பாட்டில் துளியும் ஆர்வம் கிடையாது. முன்வரிசையில் எந்தப் பயல் எந்தப் பாட்டுக்கு விசில் அடித்தான் என்பது மட்டும் துல்லியமாகத் தெரியும்.

குழுவில் கீபோர்டு வாசித்தவன் ஞானராஜ். பகலில் ஒரு லேத் பட்டறையில் வேலை, தீப்பெட்டி மெஷின்களுக்கு உதிரி பாகம் கடைவான். எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அவன் விரலிடுக்கில் கட்டிங் ஆயில் வாசம் போகாது. கீபோர்டின் வெள்ளைக் கட்டைகள் பழுப்பாகிப் போனதற்கு அதுதான் காரணம் என்று அண்ணாச்சி திட்டிக்கொண்டே இருப்பார். இன்றைக்கும் ஏதாவது ஒர்க் ஷாப்பைத் தாண்டும்போது அந்த வாசம் வந்தால் எனக்கு ஞானராஜின் கேசட் ஞாபகம்தான் வரும்.

அவனுடைய அத்தை மகன் ஒருத்தன் தூத்துக்குடியிலிருந்து கப்பலுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் வாங்கியதாக ஒரு கேசட் கொண்டுவந்து கொடுத்தான். அட்டையில் புகைபோக்கி படம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறை விடுமுறையில், ஞானராஜ் அதை எங்களுக்குப் போட்டுக் காட்டினான். பாட்டு என்று எதுவும் இல்லை. இரும்பை இரும்பால் அடிக்கிறார்கள், மெஷின் ஓடுகிறது, தூரத்தில் ஒருத்தன் கத்துகிறான். அணைந்த லேத்துகளுக்கு நடுவே உட்கார்ந்து அதைக் கேட்டபோது, அவைதான் ஓடுகின்றனவோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நிறுத்தச் சொன்னேன்.

"பயமா இருக்குல்லா?" என்றான் ஞானராஜ். "எனக்கும்தான். ஆனா இது நம்ம சத்தம். வெள்ளக்காரன் எடுத்து வச்சிருக்கான்."

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். மெல்லிசைக் குழு சோறு போட்டது. இது ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். மூன்று பேர். ஞானராஜ், நான், பிறகு முத்து. முத்து குழுவில் ரிதம் பேட் வாசிப்பவன், ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். ஷிப்டு முடிந்து தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியபடி வந்து நிற்பான். கிழவன் வேஷம் போட்டவன் மாதிரி இருக்கும். அவர்கள் சேர்த்த வாத்தியங்களைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு தண்டவாளத் துண்டு, நீளமும் குட்டையுமாக இரும்புக் குழாய்கள், பல்சக்கரம் ஒன்று, தகரத் தாம்பாளத்தில் கொட்ட ஒரு கனத்த சங்கிலி, காலி ஆயில் பீப்பாய்.

பீப்பாய் எனக்கு. அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு, ஷிப்டு மாறும்போது அலறும் மில் சங்கு மாதிரி நான் குரலால் ஊத வேண்டும். அடியில் மெல்ல ஆரம்பித்து, ஏற்றி, உச்சியில் நிறுத்தி, மூச்சுத் தீரும்வரை பிடிக்க வேண்டும். வார்த்தை கிடையாது. முதல் தடவை செய்தபோது என் சத்தமே எனக்குத் திரும்பி வந்து மோதியதில் பயந்து தலையைப் பீப்பாயில் இடித்துக்கொண்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குரல் எந்த ரேடியோ அம்மாவுடையதும் இல்லை.

'மில்சங்கு' என்று பெயர் வைத்தான் ஞானராஜ். அம்மாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "சாவு வீட்டுல ஊதுற பேர வச்சா விளங்குமாட்டி?" என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

முதல் நிகழ்ச்சி அதே பட்டறையில், ஆயுத பூஜை அன்று. பொரியும் கடலையும் வாங்கிக்கொண்ட லேத்துக்காரர்கள் கொஞ்ச நேரம் நின்று கேட்டார்கள். பிறகு, லீவு நாளிலும் இதையேவா கேட்க வேண்டும் என்று ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். இரண்டாவது, மில் தொழிலாளர் கூட்டம் ஒன்றில், பேச்சாளர் வருவதற்குத் தாமதமானபோது. அங்கே நான் சங்கு ஊதியதும் பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பதறி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். கூட்டமே சிரித்தது. எங்களுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான் என்று முத்து வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தச் சிரிப்பெல்லாம் அந்த வருஷத்தோடு சரி. அடுத்து வந்தது வேறு காலம். நம் பக்கத்துக் கிராமங்களில் சாதிக் கலவரம் பரவிய நாட்கள். நான் அதைப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பூத்தில் உட்கார்ந்து கேட்டேன். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, ரிசீவரைக் கையால் பொத்தி, ஆட்கள் கிசுகிசுவென்று பேசுவார்கள். பஸ் ஓடுதா? தம்பி வீட்டுக்கு வந்துட்டானா? புள்ளைய மாமா வீட்டுக்கு அனுப்பிவிடு. பேசி முடித்துவிட்டு வெளியே வந்ததும், பூத்துக்கு வெளியே காத்து நிற்பவர் யார் என்று முகத்தைப் பார்ப்பார்கள். அவரும் இவர் முகத்தைப் பார்ப்பார். நீங்க எந்தத் தெரு என்று ஒரு கேள்வி உண்டு. சும்மா கேட்பதுபோலத்தான் இருக்கும். பதிலை வைத்துக் கேட்டவருக்குச் சாதி தெரிந்துவிடும். பஸ்ஸை மறித்து அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள் என்று பேச்சு இருந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது பின்னால் சைக்கிள் சத்தம் கேட்டாலே நான் ஓரமாக ஒதுங்கி நின்றுவிடுவேன்.

அந்த நாளில் எதற்கு வெளியூர் போனீர்கள் என்று கேட்பீர்கள். கயத்தாறுக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமத்து மாதா கோயில் திருவிழாவில் எங்கள் குழுவுக்குக் கச்சேரி. அங்கே நிலைமை அமைதி என்று தகவல் வந்திருந்தது. ஞானராஜ் அந்தக் கோயில் சாமியாரிடம் பேசி, கச்சேரிக்கு முன்னால் அரை மணி நேரம் மில்சங்குக்கும் வாங்கிவிட்டான். அண்ணாச்சியும் மற்றவர்களும் கீபோர்டு, பாக்ஸ் எல்லாம் ஏற்றிக்கொண்டு காலையிலேயே போய்விட்டார்கள். எங்கள் இரும்பைத் தன் வேனில் ஏற்ற மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டதால், நாங்கள் மூவரும் அம்மாவும் மத்தியானத்துக்கு மேல் ஒரு பழைய வேனில் கிளம்பினோம். மெயின் ரோட்டில் வண்டிகளை நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு டிரைவர் அண்ணன் உள்ரோட்டில் திருப்பினார். எங்களில் ஞானராஜ் ஒரு சாதி, முத்து ஒரு சாதி, நானும் அம்மாவும் வேறு. அதுவரை அது எங்களுக்குள் ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. அன்றைக்கு வேனுக்குள் நாலு பேரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். "ஆரு மறிச்சாலும் நான் பேசிக்கிடுதேன், நீங்க வாயத் தொறக்காதிய" என்று அம்மா மட்டும் சொன்னாள்.

இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்த கரிசல். பருத்தி எடுத்து முடிந்து காய்ந்த மார்க்குச்சி மட்டும் நின்றது. ஒரு வளைவில் திரும்பியதும் ரோட்டுக்குக் குறுக்கே வெட்டிப்போட்ட உடைமுள் மரம். டிரைவர் அண்ணன் ரிவர்ஸ் எடுக்கப் பார்த்தார். பின்னாலும் ஆட்கள் வந்துவிட்டார்கள். கம்புகள், இரண்டு மூன்று அரிவாள். எங்களை இறக்கிவிட்டு வேனின் பின்கதவைத் திறந்தார்கள்.

திறந்தவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். இப்போது யோசித்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. கலவர நேரத்தில், யாரென்று தெரியாத வேனில், குழாயும் சங்கிலியும் இரும்புத் துண்டுமாக நிறைந்திருந்தால் யார்தான் என்ன நினைப்பார்கள்? நரைத்த மீசைக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். மற்றவர்கள் அவருக்கு வழிவிட்டார்கள்.

"எதுக்கு இம்புட்டு இரும்பு?"

"வாசிக்கதுக்கு அண்ணாச்சி" என்றான் ஞானராஜ்.

யாரும் சிரிக்கவில்லை. மீசைக்காரர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்கள்லாம் எந்தத் தெரு?"

எந்தப் பதிலைச் சொன்னாலும் எங்களில் ஒருத்தருக்காவது அது ஆகாத பதில். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களுக்கும் அவருக்கும் நடுவே போய் நின்றாள்.

"அண்ணாச்சி, கோயில் திருவிழாவுக்குப் பாடப் போறோம். இவ என் மக, பாட்டுக்காரி. தெருவக் கேட்டு என்ன செய்யப் போறிய? பாட்டக் கேளுங்க."

நான் சட்டென்று ஒரு சினிமாப் பாட்டைத் தொடங்கினேன். முதல் வரி முடியவில்லை, அரிவாள் வைத்திருந்த ஒரு இளவட்டம் கையைக் காட்டி நிறுத்தினான். பாட்டு யார் வேண்டுமானாலும் பாடுவார்கள், இந்த இரும்பை வாசித்துக் காட்டட்டும் என்றான். மீசைக்காரர் தலையை ஆட்டினார். "வாசிங்க" என்றார்.

தண்டவாளத் துண்டை வேனின் கதவு மேல்கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். ஞானராஜுக்கு முடிச்சுப் போட வரவில்லை, முத்துதான் கட்டினான். பீப்பாயை ரோட்டில் வைத்து நான் முழங்காலிட்டு உட்கார்ந்தேன். தார் ரோட்டுச் சூடு சேலைக்குள் ஏறியது. முத்து அடிக்க ஆரம்பித்தான். அடுத்தடுத்துக் குழாய், சங்கிலி, பல்சக்கரம். நான் கண்ணை மூடிக்கொண்டு சங்கை எடுத்தேன். அப்படி ஒருநாளும் நாங்கள் வாசித்ததில்லை. நிறுத்தினால் அடுத்து என்ன நடக்குமோ என்ற பயத்தில் மூன்று பேருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை. மூச்சு முடிந்தும் எங்கிருந்தோ எனக்கு மூச்சு வந்தது.

கண்ணைத் திறந்தபோது ஒருவரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எல்லோரும் ஊர்ப்பக்கம் திரும்பியிருந்தார்கள்.

எங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த ஊரிலும் சாவடி முன்னால் ஒரு தண்டவாளத் துண்டு கட்டித் தொங்கவிட்டிருந்தார்களாம். எதிராளி வந்துவிட்டால் அதை அடிப்பது என்று பேசி வைத்திருந்தார்கள். ஊருக்குள் இருந்தவர்களுக்கு எங்கள் இரும்புச் சத்தம் கேட்டிருக்கிறது. அதற்கு மேலே ஒரு பெண் அலறும் சத்தமும். அது நான்.

புள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பெண்கள் பருத்திக் காட்டுக்குள் ஓடுவது ரோட்டிலிருந்து தெரிந்தது. ஒருத்தி விழுந்து எழுந்தாள். வயசானவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்கள். மீசைக்காரர் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று கத்திக்கொண்டே ஊரைப் பார்த்து ஓடினார். அவர் குரலைக் கேட்டு அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள். எங்களுக்குக் காவலாக இரண்டு இளவட்டங்கள் மட்டும் நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தேன். எங்களைவிட அவர்கள்தான் வெளிறிப்போயிருந்தார்கள்.

ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டிலிருந்து திரும்பினார்கள். அப்புறம் ஊருக்குள்ளிருந்து ஒரே பெயரைப் பலபேர் கூப்பிடும் சத்தம் கேட்டது. பேச்சி, ஏ பேச்சி. ஆறு வயசுப் பெண்பிள்ளை, காணவில்லை. தாய் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். பெரியவள் பின்னால் வருவாள் என்று நினைத்திருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் பிள்ளை காட்டிலும் இல்லை, வீட்டிலும் இல்லை.

மீசைக்காரர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "புள்ள கிடைக்கிற வரைக்கும் நீங்க இங்கன விட்டு நகரப்படாது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. காட்டுக்குள் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு கிணறு இருந்தது. அதற்குள் கயிறு விடுவதை இங்கிருந்தே பார்க்க முடிந்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

அம்மா யாரிடமும் கேட்கவில்லை. குறுக்கே நீண்ட இளவட்டத்தின் கையைத் தன் வீட்டுக் கதவை ஒதுக்குவதுபோல ஒதுக்கிவிட்டு ஊருக்குள் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். பேச்சியின் தாய் வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் பக்கத்தில் குத்தவைத்து, "சத்தம் கேட்டா எங்கன ஒளியணும்னு சொல்லி வச்சிருந்தே?" என்று கேட்டாள்.

"கட்டிலுக்கடியிலன்னு சொல்லியிருந்தேன். அங்கன இல்ல. ஆரு கூப்பிட்டாலும் ஏன்னு கேக்கப்படாதுன்னும் சொல்லியிருந்தேன்." பிறகு சொன்னாள்: "நீ கூப்பிட்டாலுமான்னு கேட்டா. ஆமான்னேன்."

அம்மா எழுந்து வீட்டுக்குள் போனாள். மூலையில் ஒரு குலுக்கை நின்றது. தானியம் கொட்டிவைக்க மண்ணால் செய்த, ஆள் உயரக் கூடு. மழை பொய்த்த வருஷம், அதில் தானியம் இருந்திருக்காது. அதன் வாயை மூடியிருந்த சாக்கு கோணலாகக் கிடந்தது. அம்மா அதை ஒட்டிக் கிடந்த ஆட்டுரலின் மேல் ஏறி எட்டிப் பார்த்தாள். இரண்டு கையையும் உள்ளே விட்டாள்.

பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தது. தலையெல்லாம் உமித் தூசி. தன் முன்கையைத் தானே பல்லால் கடித்துக்கொண்டிருந்தது, சத்தம் வந்துவிடக் கூடாதென்று. வெளியே தூக்கிய பிறகும் விடவில்லை. தாய் வந்து தாடையைப் பிடித்து மெல்லப் பிரித்துத்தான் கையை எடுத்தாள். பற்கள் பதிந்த இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது. அவ்வளவு நேரம் அவள் பெயரை ஊரே கூப்பிட்டிருக்கிறது, அவள் தாய் கூப்பிட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

செய்தி கேட்டு மீசைக்காரர் நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மரத்தை இழுத்துப் போடச் சொன்னார். எங்களைப் போகச் சொன்னார். அடுத்த ஊரிலும் மறிப்பார்கள் என்று பெரிய ரோடு வரைக்கும் ஒரு ஆளைத் துணைக்கு அனுப்பினார். ஞானராஜ் தண்டவாளத் துண்டைக் கழற்றி ரோட்டோரம் வைத்துவிட்டு, எனக்கு இது வேண்டாம், எல்லாவற்றையும் இங்கேயே போட்டுவிட்டுப் போகிறேன் என்றான். அவர் வேண்டாம் என்று கையசைத்தார்.

"எடுத்துட்டுப் போயிருங்க தம்பி. இங்கன கிடந்தா எவன் கையாவது சும்மா இருக்காது."

திருவிழாவுக்குப் போகவில்லை. கோவில்பட்டிக்குத் திரும்பினோம். வழிநெடுக ஒவ்வொரு மேடுபள்ளத்துக்கும் பின்னால் அந்த இரும்பு ஒன்றோடொன்று மோதிக்கொண்டே வந்தது. டிரைவர் அண்ணன் வண்டியை நிறுத்தி, இருந்த சாக்கையெல்லாம் அதன்மேல் போட்டு அமுக்கிவிட்டு வந்தார். அப்படியும் நிற்கவில்லை. அம்மா அன்றைக்கு எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அந்த வாரமே ஞானராஜ் எல்லாவற்றையும் பட்டறையில் வைத்து அறுத்துப் பழைய இரும்போடு போட்டான். ஆயுத பூஜை அன்று பதிவு செய்த கேசட்டில் ஜெபப் பாடல்களைப் பதிந்துவிட்டதாகச் சொன்னான். மில்சங்கு முடிந்தது. மெல்லிசைக் குழுவில் இன்னும் கொஞ்ச நாள் பாடினேன். ஆனால் மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் கூட்டத்தில் யாராவது எழுந்து ஓடுகிறார்களா என்று கண் தேடும். புதியம்புத்தூரில் தையல் யூனிட் வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டதும் அதையும் விட்டுவிட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை பேச்சியின் தாயைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் அவள்தான் என்னை அடையாளம் கண்டு பூத்துக்கு வந்தாள். கடலை மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லித் தந்தாள். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். பள்ளிக்கூடம் போகிறாள், நன்றாகப் படிக்கிறாள் என்றாள். பிறகு, "கூப்பிட்டா ஏன்னு கேக்கமாட்டுக்கா. கிட்டப் போயி தொட்டாத்தான் திரும்புதா" என்றாள். பஸ் வந்துவிட்டது. போய்விட்டாள்.

இப்போது எதுவும் இல்லை. முத்து வேலை பார்த்த மில் மூடி, இடத்தை மனை போட்டு விற்றுவிட்டார்கள். முத்து ஊரூராகப் போய் மோட்டார் பழுது பார்த்துவிட்டு, நாலு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். ஞானராஜ் வளைகுடாவுக்குப் போனவன் அங்கேயே வெகுகாலம் இருந்துவிட்டான். போனில் பேசினால் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவான், பாட்டைப் பற்றிப் பேசமாட்டான். பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. எஸ்.டி.டி. பூத் என்றால் என்னவென்று என் மகனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மாவும் இல்லை. நாலுவழிச் சாலை வந்த பிறகு அந்த உள்ரோட்டில் யாரும் போவதில்லை. சொல்லப்போனால், நீங்க எந்தத் தெரு என்ற கேள்விகூட என் காதில் விழுந்து வெகுநாளாகிறது.

அந்தக் கேள்வி ஒழிந்தது என்று நானும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். சமீபத்தில் ஒரு சாயங்காலம் பஸ்ஸில் பள்ளிக்கூடப் பையன்கள் கூட்டமாக ஏறினார்கள். என் பக்கத்தில் நின்று மேல்கம்பியைப் பிடித்திருந்த ஒருவனின் மணிக்கட்டில் இரண்டு நிறத்தில் முறுக்கிய கயிறு. அவனோடு ஏறியவர்களுக்கும் அதே நிறம். பின்பக்கம் தள்ளி நின்ற பையன்களின் கையில் வேறு நிறம். எந்த நிறம் எந்தச் சாதிக்கு என்று இப்போது எல்லோருக்கும் தெரியும், வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. நான் அந்தக் கயிற்றைப் பார்ப்பதை அவன் கவனித்துவிட்டான். உடனே குனிந்து என் கையைப் பார்த்தான்.